கடலையளவு சுரப்பி

உயர்தர உயிரியலில் கபச்சுரப்பி பாடம் வந்தபோது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கவலை. எந்த ஓமோன் முன்சோணையிலிருந்து வருகிறது, எது பின்சோணையிலிருந்து வருகிறது என்று அட்டவணையைப் பாடமாக்க வேண்டும். எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அந்தச் சுரப்பி செய்யவேண்டிய வேலைகளில் மூன்றை எங்கள் வீட்டில் ஓர் ஊசியும் இரண்டு வகைக் குளிசைகளும் செய்துகொண்டிருக்கின்றன. அவை என் தம்பிக்காக.

கபச்சுரப்பி ஒரு கடலையின் அளவு. நிறை ஏறத்தாழ அரைக் கிராம். மூளையின் அடியில், மூக்கின் பின்பக்கமாக, எலும்பிலுள்ள ஒரு சிறு குழியில் அது அமர்ந்திருக்கிறது. அந்தக் குழி குதிரைச் சேணம்போல வளைந்திருப்பதால் உடலமைப்பியலாளர்கள் அதற்குத் துருக்கிச் சேணம் என்று பெயர் வைத்தார்கள். மேலேயுள்ள பரிவகக்கீழிலிருந்து ஒரு மெல்லிய தண்டு இறங்கி வந்து சுரப்பியைத் தாங்குகிறது. மேலிருந்து வரும் கட்டளை எல்லாம் அந்தத் தண்டு வழியாகத்தான் வரவேண்டும்.

இந்தச் சுரப்பி ஓரிடத்தில் உருவாவதில்லை. முன்சோணை, முளையத்தின் வாய்க்கூரையிலிருந்து மேல்நோக்கி வளரும் ஒரு பையிலிருந்து வருகிறது. 1838இல் அதை விவரித்த ஜெர்மானியரின் பெயரால் அதை றாத்கேயின் பை என்கிறார்கள். பின்சோணை மூளையின் அடித்தளத்திலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. கருவின் நான்காம் வாரமளவில் இந்தப் பயணம் தொடங்குகிறது. கீழிருந்து ஒன்றும் மேலிருந்து ஒன்றும் வந்து நடுவில் சந்திக்கவேண்டும். சந்திப்புச் சரியாக நடக்காத பிள்ளைகளில் ஒருவன் என் தம்பி.

நாங்கள் இருப்பது நாவற்குடாவில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் கல்முனைக்குப் போகும் பெருந்தெரு. வாப்பா காத்தான்குடியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். தம்பி பிறக்கும்போது எனக்கு எட்டு வயது. உம்மாவுக்கு எதிர்பாராமல் நோவெடுத்து, வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்த கையோடு பிள்ளை பிறந்துவிட்டது. தலை முந்தவில்லை, கால் முந்தியது. மறுநாள் அவனுக்கு இரத்தத்தில் குளுக்கோசு குறைந்து சேலைன் ஏற்றினார்கள். பிறகு கண்ணும் தோலும் மஞ்சளாகி, அந்த மஞ்சள் பல கிழமைகள் வற்றாமல் கிடந்தது. பிறகு எல்லாம் தெளிந்தது. அழகான, உருண்டை முகப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

பிறந்த பிள்ளைக்குச் சீனி குறைவதும், மஞ்சள் நீடிப்பதும் பல காரணங்களால் வரலாம். ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால் கபச்சுரப்பியையும் நினைத்துப் பார்க்கவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். இலங்கையில் பிறக்கும் பிள்ளைகளின் குதிக்காலில் ஒரு துளி இரத்தம் எடுத்துத் தைரொயிட்டுக் குறைபாட்டைத் தேடுகிறார்கள். அது நல்ல திட்டம். ஆனால் அந்தச் சோதனை, கபச்சுரப்பி தைரொயிட்டை அதட்டி வேலை வாங்கும் ஓமோன் கூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. தைரொயிட்டுச் சுரப்பியில் பழுதென்றால் அதட்டல் கூடும், அகப்பட்டுவிடும். அதட்டவேண்டிய கபச்சுரப்பியே பழுதென்றால் அதட்டல் கூடாது. அப்படியான பிள்ளை அந்த வலையில் அகப்படாமல் நழுவிவிடும்.

தம்பியை முதலில் பிடித்தது ஒரு கோடு. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் நிறைக்கும் உயரத்துக்கும் வளைகோடுகள் அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளை இணைப்பார்கள். தம்பியின் கோடு முதல் வருடம் அச்சிட்ட கோட்டோடு சேர்ந்து போனது. பிறகு மெல்ல மெல்லக் கீழே சாய்ந்தது. மூன்று வயதில் எங்கள் பகுதி மிட்வைப் மிஸ் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நிறை பரவாயில்ல. உயரம்தான் ஏறுதில்ல. இத டொக்டர்ட்ட காட்டோணும்” என்றார். காட்டினோம். சில பிள்ளைகள் பிந்தித்தான் வளரும், பொறுத்துப் பாருங்கள் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். பொறுத்தோம்.

அந்தப் பொறுத்த காலம்தான் உம்மாவுக்குக் கடினமான காலம். காரணம் சொல்லாத ஆளில்லை. கர்ப்பத்தில் உம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். நோவு தொடங்கியதும் உடனே போகாததால் கால் முந்தியது, அதில் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டது என்றார்கள். பால் போதவில்லை என்றார்கள். கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். வாப்பாவின் சகோதரி, எங்கள் மாமி, ஒருநாள் விறாந்தையில் இருந்துகொண்டே, “சொந்தத்துக்குள்ள முடிச்சா இப்படித்தான்” என்றார். வாப்பாவும் உம்மாவும் மச்சான் மச்சாள். அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவரும் மாமிதான். மூத்தம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

ஐந்து வயதில் தம்பிக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தது. விடியற்காலையில் எழுப்பினால் எழும்பவில்லை. உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. குளுக்கோசு மிகவும் குறைந்திருந்தது. அப்போது பார்த்த பிள்ளை வைத்தியர், காய்ச்சலை விட்டுவிட்டுப் பதிவேட்டைக் கேட்டார். கோட்டைப் பார்த்தார். நிற்கவைத்து அளந்தார்: 91 சென்ரிமீற்றர். அந்த வயதுப் பையனின் நடுத்தர உயரம் 110. “கடைசி வருசம் எவ்வளவு கூடியிருக்கான்?” என்று கேட்டு அவரே கணக்குப் பார்த்தார். மூன்று சென்ரிமீற்றர்கூட இல்லை. அந்த வயதில் ஐந்து ஆறு கூடவேண்டும். இடது கையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார்கள். எலும்பின் வயது உடம்பின் வயதைவிடப் பிந்தியிருந்தது. இரத்தச் சோதனைகளில் வளர்ச்சி ஓமோனும் கோட்டிசோலும் குறைவு. கோட்டிசோல், உடம்பு காய்ச்சலையும் பட்டினியையும் தாங்குவதற்கு வேண்டிய ஓமோன். அது இல்லாததால்தான் ஒரு காய்ச்சலில் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தான். குள்ளமாயிருப்பது ஆபத்தில்லை, அன்று விடியற்காலையில் நடந்ததுதான் ஆபத்து. அடுத்த கட்டம் கபச்சுரப்பியைப் படமெடுப்பது என்று சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

மண்டையோட்டுக்குள் இருக்கும் கடலையைப் பார்ப்பது ஒருகாலத்தில் முடியாத காரியம். எக்ஸ்-கதிரில் துருக்கிச் சேணத்தின் எலும்பு தெரியும். அதில் அமர்ந்திருப்பது தெரியாது. 1971இல் முதல் நோயாளியின் தலையை சீ.ரி. இயந்திரம் படமெடுத்தது. ஆனால் மென்மையான சிறு உறுப்புகளைப் பிரித்துக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. தான் வழியைத் திறந்தது. அதன் அடிப்படையை 1973இல் வெளியிட்ட போல் லோட்டபருக்கும், அதை விரைவாகப் படமாக்கும் கணிதத்தைத் தந்த பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் எக்ஸ்-கதிர் இல்லை. உடம்பு முழுவதும் தண்ணீரிலும் கொழுப்பிலும் ஐதரசன் அணுக்கள் இருக்கின்றன. பலமான காந்தப்புலத்தில் அவற்றின் கருக்கள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. வானொலி அலையால் அந்த ஒழுங்கைக் கலைத்தால், திரும்பி வரும்போது அவை ஒரு சைகையைத் தருகின்றன. ஒவ்வோர் இழையமும் ஒவ்வொரு வேகத்தில் திரும்புகிறது. அந்த வேறுபாடுதான் படத்தில் கறுப்பாகவும் சாம்பலாகவும் வெள்ளையாகவும் தெரிகிறது. கபச்சுரப்பிக்கு மூன்று மில்லிமீற்றர் அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக எடுக்கவேண்டும். பிள்ளை அசைந்தால் படம் கலங்கிவிடும்.

ஐந்து வயதுப் பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் அசையாமல் கிடக்காது. அதனால் மயக்க மருந்து கொடுப்பார்கள். மயக்க மருந்துக்கு முன் சாப்பிடக்கூடாது. எங்கள் தம்பியோ சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கிவிடும் பிள்ளை. இரவு பஸ்ஸில் காத்தான்குடியிலிருந்து ஏறி, உம்மாவின் மடியில் அவனும் பக்கத்தில் நானுமாகக் கொழும்பு போகும் வரைக்கும் வாப்பா இதையே கேட்டுக்கொண்டிருந்தார். அங்கே அதற்கும் வழி வைத்திருந்தார்கள். முன்கூட்டியே அனுமதித்து, கையில் குளுக்கோசு சேலைனும் கோட்டிசோல் ஊசியும் போட்டுத்தான் உள்ளே கொண்டுபோனார்கள். முக்கால் மணித்தியாலம். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

டொக்டர் படத்தைக் கணினியில் போட்டுக் காட்டியபோது எனக்குப் பதின்மூன்று வயது. அவர் சிங்களத்தில் சொன்னதை ஒரு தாதி தமிழில் சொன்னார். நடுக்கோட்டால் வெட்டிய ஒரு தலையின் படம். பிற்சோணையில் உள்ள ஓமோன் மணிகள் இந்தப் படத்தில் வெள்ளையாகப் பிரகாசிக்குமாம். சுகமான பிள்ளையில் அந்த வெள்ளைப் புள்ளி சேணத்துக்குள் இருக்கும். தம்பியின் சேணத்தில் வெள்ளைப் புள்ளி இல்லை. மேலே, மூளையின் அடித்தளத்தோடு ஒட்டினாற்போல, ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இறங்கவேண்டிய பின்சோணை இறங்காமலே அங்கே தங்கிவிட்டது. நடுவில் தண்டு தெரியவில்லை. கீழே முன்சோணை ஒரு மெல்லிய கீற்றாகக் கிடந்தது. மேலிருந்து கட்டளை வராத முன்சோணை. மூன்றும் சேர்ந்து வந்தால் அதுதான் விடை என்றார்.

இடம்மாறினாலும் பின்சோணை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் தம்பிக்கு ஓயாத தாகமோ அதிக சிறுநீரோ இல்லை. அதையும் படம் விளங்கப்படுத்தியது.

உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கால் முந்தினதாலயா டொக்டர் இது? நான் நேரத்தோட போயிருந்தா…?” தாதி மொழிபெயர்க்கும் முன்பே டொக்டருக்குக் கேள்வி விளங்கிவிட்டது. எல்லாத் தாய்மாரும் கேட்பார்களாக்கும். அவர் தாளின் பின்பக்கத்தில் ஒரு முளையத்தைக் கீறி, மேலிருந்து ஓர் அம்பும் கீழிருந்து ஓர் அம்பும் போட்டார். “இது நடந்தது முதல் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள. உங்கட வயிறே வெளியில தெரியாத நேரம். பிறந்த அண்டைக்கு நீங்க என்ன செய்திருந்தாலும் இந்தப் புள்ளி இங்கதான் இருந்திருக்கும்” என்று தாதி தமிழில் சொன்னார். உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஐந்து வருடமாக ஊர் முன்னால் அழாத உம்மா அன்று கொழும்பில் அழுதார்.

பின்னர் இதைப் பற்றித் தேடி வாசித்தபோது ஒரு விடயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. எங்கள் ஊர் சொன்ன அதே காரணத்தை விஞ்ஞானமும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறது. 1987இல் ஜப்பானிய வைத்தியர்கள் வளர்ச்சி ஓமோன் குறைந்தவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துத் தண்டு அறுந்திருப்பதைக் கண்டார்கள். அவர்களில் பலர் கால் முந்திப் பிறந்தவர்கள். ஆகவே பிரசவத்தில் இழுபட்டுத் தண்டு அறுந்திருக்கும் என்று எண்ணினார்கள். பிறகு மேலும் படங்கள் சேர்ந்தன. சத்திரசிகிச்சை மூலம் பிறந்த பிள்ளைகளிலும் அதே படம் தெரிந்தது. சிலரில் கண் நரம்பு போன்ற நடுக்கோட்டு உறுப்புகளிலும் குறை இருந்தது. கபச்சுரப்பியை உருவாக்கும் பரம்பரையலகுகளில் மாற்றங்கள் சிலரில் கண்டுபிடிக்கப்பட்டன. கருவிலேயே நேர்ந்த குறைதான், பிள்ளை வயிற்றுக்குள் சரியாகத் திரும்பாமல் கால் முந்துவதற்கும் காரணமாகலாம் என்று இன்று கருதுகிறார்கள். காரணமென்று நினைத்தது விளைவாக மாறிவிட்டது. படங்கள் சேரச் சேர விஞ்ஞானிகள் தங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டார்கள். எங்கள் விறாந்தையில் அது அவ்வளவு இலகுவாக நடக்கவில்லை.

மாமி சொன்ன காரணத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அது வெறும் ஊர்க்கதை இல்லை. 1996இல் இந்திய முஸ்லிம் குடும்பமொன்றில், வளர்ச்சி ஓமோனைச் சுரக்கச் சொல்லும் கட்டளையைப் பெற்றுக்கொள்ளும் வாங்கியின் பரம்பரையலகில் ஒரு பழுது கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பாகிஸ்தானின் சிந்துவில், நெருங்கிய உறவுக்குள் மணமுடிக்கும் கிராமத்தவர்களில் அதே பழுது தெரிந்தது. அங்கே 18 பேர். வளர்ந்த ஆண்களின் சராசரி உயரமே 130 சென்ரிமீற்றர். 1998இல் இலங்கையைச் சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்திலும் அதே பழுது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் அது வெளிப்படும். உறவுக்குள் மணமுடிக்கும்போது அந்தச் சாத்தியம் கூடுகிறது. இதை மறைத்துப் பயனில்லை.

ஆனால் சிந்துவில் அவர்களின் தலையையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 2000இல் அது வெளியானது. முன்சோணை சிறிதாக இருந்தது. பின்சோணை தன் இடத்தில் இருந்தது. தம்பியின் படம் அப்படியில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிக் குட்டையான பிள்ளைகள். உள்ளே பார்த்தால் வேறு வேறு கதை. தம்பியினுடைய வகையில் பெரும்பாலான பிள்ளைகளில் பரம்பரையலகுக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை. “சொந்தம் எண்டதால வந்தது எண்டு இந்தப் படத்தை வச்சுச் சொல்லேலாது” என்பதுதான் டொக்டரின் வார்த்தை. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்தத் தாளை வாப்பா மாமியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். மாமி அதைப் பார்த்துவிட்டுத் தம்பிக்கு இரண்டு சேட்டு வாங்கிக் கொடுத்தார். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

படத்தின் பெரிய உபகாரம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. தண்டு இல்லாத பிள்ளையில் இன்று சரியாக இருக்கும் ஓமோன் நாளை குறையலாம் என்று எச்சரித்திருந்தார்கள். அதனால் குறித்த தவணையில் இரத்தம் பார்த்தார்கள். ஒரு வருடத்துக்குள் தைரொட்சின் இறங்கியது உடனே அகப்பட்டது. அவனிடம் எந்த அறிகுறியும் இருக்கவில்லை. கோட்டிசோல் குறைவைச் சரிசெய்யாமல் தைரொட்சின் கொடுத்தால் பிள்ளையின் நிலை மோசமாகலாம் என்பதால் அந்த வரிசையும் முக்கியம். படம் இருந்ததால் வரிசை தவறவில்லை.

இரவில் படுக்குமுன் வளர்ச்சி ஓமோன் ஊசியை நான்தான் போடுகிறேன். உம்மாவுக்குக் கை நடுங்கும். 1958இல் அமெரிக்காவில் மொரிஸ் றேபன் என்ற வைத்தியர் இந்த ஓமோனால் முதன்முதலில் ஒரு பையனை வளரவைத்தார். அந்தப் பையனுக்கு அப்போது என் வயது, பதினேழு. அந்த ஓமோன் இறந்தவர்களின் கபச்சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. அதனூடாகச் சில பிள்ளைகளுக்கு மூளையை அழிக்கும் நோய் தொற்றியதால் 1985இல் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில், பற்றீரியாவைக் கொண்டு செய்த ஓமோன் பாவனைக்கு வந்தது. மீளச்சேர்த்த டி.என்.ஏ. தொழினுட்பம் என்று நாங்கள் பரீட்சைக்குப் படிப்பது தம்பியின் ஊசிக்குள் இருக்கிறது. குளிரில் வைக்கவேண்டிய மருந்து அது. 2022இல் மின்சாரம் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்ற காலத்தில், வாப்பா மீன் வாடியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து பெட்டியில் போட்டு, மருந்து ஐஸில் படாமல் துணி சுற்றிக் காப்பாற்றினார்.

தம்பிக்கு இப்போது ஒன்பது வயது. உயரம் 121. காய்ச்சல் வந்தால் கோட்டிசோல் குளிசையைக் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது அவனுக்கே தெரியும். பாடசாலைப் பையில் எழுதியும் வைத்திருக்கிறோம். போன றமழானில் நோன்பு பிடிக்கவேண்டும் என்று அடம்பிடித்தான். அவனுக்குப் பட்டினியும் கூடாது, பகல் குளிசையை விடவும் கூடாது. பள்ளிவாசல் மௌலவி அவனைப் பக்கத்தில் இருத்தி, நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான், அதை ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிவதுதான் என்றார். இப்போது நோன்பு திறக்கும் நேரம் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் பங்கிடுவது அவன் பொறுப்பு.

வளர்ச்சி ஓமோன் குறைபாடு 4,000 முதல் 10,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வரலாம் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால், எங்கள் கரையோரத்து ஊர்களிலேயே இன்னும் சில பிள்ளைகள் இருக்கக்கூடும். எம்.ஆர்.ஐ. விலைகூடிய, பெரிய இயந்திரம். அது எல்லாப் பிள்ளைக்கும் தேவையுமில்லை. குட்டையான பிள்ளைகளில் பெரும்பாலானோர் சுகமான பிள்ளைகள், குட்டையான தாய்தந்தையின் பிள்ளைகள். யாரை அந்த இயந்திரத்துக்குள் அனுப்பவேண்டும் என்று சொல்வது ஒரு மீற்றர்ப் பலகையும் ஒரு பேனையும்தான். எங்கள் மிட்வைப் மிஸ் வைத்த புள்ளிகள் இல்லாவிட்டால் கொழும்புப் படம் எடுக்கப்பட்டிருக்காது.

சகோதரிகளே, நம் வீடுகளில் தம்பி தங்கைகளும், ராத்தாமாரின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிளினிக்குக்குப் போனால் நிறையோடு உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறந்தவுடன் சீனி குறைந்ததா, மஞ்சள் நீடித்ததா என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கோடு கீழே சாய்ந்தால் பிழை யாருடையது என்று வீட்டுக்குள் தேடவேண்டாம். பதிவேட்டை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.